இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பலகையில் சிவப்பு எண் பதிமூன்று போய்ப் பதினான்கு வந்துவிட்டது, எங்கள் வழக்கு. எங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை, நான் வக்கீலும் இல்லை, வழக்காடுகிறவளும் இல்லை, தமிழில் இருக்கும் சாட்சிக் காகிதங்களை ஆங்கிலமாக்கிக் கொடுக்கிறவள். இருபத்திரண்டு வருஷமாக மயூர் விஹாரில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்த உச்ச நீதிமன்றத்துக்குக் கொலைகளையும் பாகப்பிரிவினைகளையும் தட்டச்சு செய்து அனுப்பிக்கொண்டிருக்கிறேன், உள்ளே வந்து உட்கார்ந்தது என்னவோ நாலு தடவையோ ஐந்து தடவையோதான். வழக்கைத் தாக்கல் செய்த வக்கீல் இளஞ்சேரன் நேற்று கூப்பிட்டு, "ஆன்ட்டி, ஒரிஜினல்ல என்ன இருக்குன்னு பெஞ்ச்ல கேட்டா நீங்க பக்கத்துல இருந்தா சேஃப்" என்றார். டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கச் சொன்னால் மட்டும் தலைவலி வந்துவிடும். காலையில் என் மடியில் அந்தப் பழைய கோப்பை வைத்துவிட்டு முன்னால் போய்விட்டார். மூன்று வருஷத்துக்கு முன் இதே கோப்பிலிருந்துதான் மொழிபெயர்த்தேன், விசாரணை நீதிமன்றத்தின் முத்திரை போட்ட நகல், இருபத்து நாலு சாட்சிகள். அதே நாடா, அதே முடிச்சு. கூடவே சீனியம்மாளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார், "இவங்களுக்கு என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லுங்க ஆன்ட்டி." சீனியம்மாள் சாத்தூர்ப் பக்கத்துக்காரி, ஒன்பது வருஷமாக ஜெயிலில் இருக்கும் சங்கையாவின் மனைவி, இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவள். பிப்ரவரிக் குளிருக்கு யாரோ கொடுத்த ஆண்பிள்ளை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, வாசலில் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டு கொடுத்த டோக்கனைக் கைக்குள் இறுக்கி வைத்திருக்கிறாள், அதுவும் வழக்கில் ஒரு சாட்சியம் என்று நினைத்தாளோ என்னவோ.

எழுந்து நிற்கிறவர் தாருவாலா, நம் பக்கத்து சீனியர், எழுபது வயது, குரல் மட்டும் நாற்பது. இந்தச் சீனியர்களைப் பார்க்க எனக்கு எப்போதும் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும். மிகுந்த மரியாதையுடன் என்று ஆரம்பித்தால் நீங்கள் சொல்வது சுத்த அபத்தம் என்று அர்த்தம், லார்ட்ஷிப் சொன்னது சரி ஆனால் என்றால் சரியில்லை என்று அர்த்தம், ஒரு நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன் என்றால் சாப்பாட்டு மணி வரை விடமாட்டார்கள். பின்னாலிருந்து ஜூனியர் பக்கத்தைத் திறந்து நீட்டுகிறாள், அவர் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி வாங்குகிறார், இருபது வருஷத் தாம்பத்யத்தில்கூட அந்தப் பழக்கம் வராது. "என்னக்கா சொல்றாக?" என்று சீனியம்மாள் காதோரம் கேட்கிறாள். நேரில் பார்த்ததாகச் சொன்ன இரண்டு சாட்சிகளும் செத்தவர் வீட்டு ஆட்கள், அவர்கள் சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கலாமா என்று கேட்கிறார், என்கிறேன். "அதான! நல்லாக் கேக்காக" என்கிறாள். மேடையில் இரண்டு நீதிபதிகள், மூத்தவர் கன்னத்தில் கை வைத்திருக்கிறார், இளையவர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார், கோடு போடுகிறவர்தான் ஆபத்தானவர். "கண்ணாடிக்காரர் எதுக்கு மொறைக்கார்?" முறைக்கவில்லை சீனியம்மா, படிக்கிறார். எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை ஓடுவதை ஏன் மறைக்க வேண்டும். வீட்டில் என்னைக் கேட்க யாரும் இல்லை, பையன் பெங்களூரில், அவர் போய் ஆறு வருஷம். இங்கே ஒருத்தி என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், நான் சொன்னால்தான் அவளுக்கு இந்த அறையே உண்டு.

சங்கையாவை நான் பார்த்ததில்லை. ஆனால் மூன்று மாதம் அவனோடு இருந்தேன் என்று சொல்லலாம், அவனைப் பற்றிப் பேசுகிறவர்களாக எல்லாம் நானே இருந்தேன். சாட்சி சொன்னது அப்படியே நான், நான் என்றுதான் போக வேண்டும். நான் பார்த்தேன், நான் ஓடினேன், நான் ரத்தத்தைக் கண்டு சத்தம் போட்டேன். கண்மாய்க் கரையில் பெரியப்பா மகனைக் கிணற்றுத் தண்ணீர் முறைத் தகராறில் வெட்டினான் என்று வழக்கு, ராத்திரி எட்டு மணி, மங்கின நிலா. அந்தக் கரையை நான் எத்தனை தடவை நடந்திருப்பேன், தயிர் உறை ஊற்றும்போது, பால்கனியில் துணி எடுக்கும்போது. கொஞ்ச நாளைக்கு விளக்கை அணைக்கவே பிடிக்கவில்லை, கதவுப் பக்கம் ஒரு ஆள் சட்டையில்லாமல் நிற்கிற மாதிரியே இருந்தது, வெட்டினவனா வெட்டுப்பட்டவனா தெரியாது, நான் யாருடைய வாக்குமூலத்தை அன்றைக்கு முடித்தேனோ அதைப் பொறுத்து மாறும். எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகளில் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிரி என்றே பெயர், எதிரி அரிவாளால், எதிரி தப்பி ஓடி, எதிரியை அடையாளம் காட்டி. எழுதி எழுதி எனக்கே அவன் எதிரியாகிப்போனான். எதிரி தரப்பில் ஒரே ஒரு சாட்சி, கடைசி ஆள், தனியார் பஸ் கண்டக்டர் லூர்துசாமி. ராஜபாளையத்திலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பிய என் வண்டியில் சங்கையா வந்தார் என்று சொன்னவர். எட்டு மணிக்குப் பஸ்ஸில் இருந்தவன் எட்டு மணிக்குக் கண்மாயில் இருக்க முடியாது. ஆனால் குறுக்கு விசாரணையில் மனிதர் சரிந்துவிட்டார். தினமும் நூறு பேர் ஏறி இறங்கும் வண்டியில் எந்த ஆள் எந்தத் தேதியில் வந்தார் என்று சொல்ல முடியாது என்றால் சரிதான். என்றால் சரிதான், என்றால் சரிதான், வக்கீல் கேட்டதைச் சாட்சியே சொன்னதாக ஆக்கிவிடும் இந்த வாக்கியத்தின் வாயில் விழுந்தவர்கள் எத்தனை பேர். தட்டச்சு செய்தபோது அடடா, கெடுத்தாயே என்று லூர்துசாமியை வாய்விட்டே திட்டினேன், நன்றாக நினைவிருக்கிறது.

இப்போது அரசுத் தரப்பு வக்கீல் எழுந்துவிட்டார், ஒல்லியானவர், தொண்டையைச் செருமுவதில் பாதி நேரம் போகிறது, ஆனால் காகிதம் தெரிந்தவர். நான்காம் தொகுதி, இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் என்கிறார். அறை முழுக்கப் பக்கம் புரளும் சத்தம். என் பக்கம், என் ஆங்கிலம், அவர் வாயில் வரும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. பஸ் கண்டக்டர் குறுக்கு விசாரணையில் உடைந்துபோனார், தேதியைச் சொல்ல முடியவில்லை, அதைவிட முக்கியம் லார்ட்ஷிப், கீழே பாருங்கள், மறு விசாரணை இல்லை. அவரை அழைத்துவந்த வக்கீலுக்கே அவரை மறுபடி ஒரு கேள்வி கேட்கத் துணிச்சல் வரவில்லை. ஜாமீன் மனுவைத் தள்ளியபோதும் இந்த நீதிமன்றம் இதைத்தான் குறிப்பிட்டது. பென்சில்காரர் தாருவாலாவைப் பார்க்கிறார், அப்படியா என்கிறார். தாருவாலா பக்கத்தைப் பார்க்கிறார், நிமிர்கிறார், பதிவு அப்படித்தான் சொல்கிறது லார்ட்ஷிப் என்கிறார், அந்த நாற்பது வயதுக் குரல் அறுபதாகிவிட்டது. "என்னக்கா? கண்டக்டர் அண்ணாச்சியப் பத்தியா?" ஆமாம், அவர் தேதி சொல்லவில்லை என்கிறார்கள். "தேதி கெடக்கட்டும், அச்சு முறிஞ்சதச் சொன்னாரே, அதச் சொல்லலயா இவுக?" எந்த அச்சு. "அன்னைக்கு வெம்பக்கோட்ட வெலக்கு ரோட்டுல பஸ்ஸு அச்சு முறிஞ்சு நின்னுபோச்சு, இவுக எறங்கிக் கல்லு எடுத்துக் குடுத்தாக, எல்லாத்தையும் அண்ணாச்சி கூண்டுல நின்னு சொன்னாரே." நான் பொறுமையாகத்தான் சொன்னேன், குழந்தைக்குச் சொல்கிறாற்போல, அந்தத் தொனியை நினைத்தால் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அப்படி எதுவும் பதிவில் இல்லை சீனியம்மா, முழுக்க நான்தான் மொழிபெயர்த்தேன், எனக்குத் தெரியும், நீங்கள் வீட்டில் பேசிக்கொண்டதைக் கோர்ட்டில் சொன்னதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். "என் காதால கேட்டேனே அக்கா." சரி, காட்டுகிறேன் என்று கோப்பை அவிழ்த்தேன், அவளுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும். லூர்துசாமி, கடைசித் தாள், கடைசி வரி, என்றால் சரிதான். அதோடு தாள் தீர்ந்துவிட்டது. மறு விசாரணை இல்லை என்ற வரி அங்கே இல்லை. கையெழுத்தும் இல்லை. தாளின் நடுவில் ஊதா நிறத்தில் வட்டமாக ஒரு கறை, பின்பக்கம் குத்திய முத்திரை இந்தப் பக்கம் ஊறித் தெரிகிறது.

திருப்பாதே என்று ஏதோ ஒன்று சொன்னது. விரல் அதற்குள் திருப்பிவிட்டது. கோப்பு முழுக்க ஒரு பக்கம் அடித்த தாள்கள், இது ஒன்றில் மட்டும் புதுத் தாள் எடுக்கச் சோம்பல்பட்டு யாரோ பின்பக்கம் ஐந்து வரி அடித்திருக்கிறார்கள். மறு விசாரணை. அன்று வெம்பக்கோட்டை விலக்கில் வண்டியின் அச்சு முறிந்தது. அதனால் அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிரிப் ஷீட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன், அது எதிரி தரப்பு இரண்டாம் ஆவணம். எதிரி இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் அண்டக் கொடுத்தார், மாற்று வண்டி வந்த ஒன்பதரை மணி வரை எங்களோடுதான் இருந்தார். படித்துக் காட்டப்பட்டது, சரி. லூர்துசாமியின் கையெழுத்து, பெரிய பெரிய எழுத்தில். இருபத்து மூன்று சாட்சிகளுக்கும் முடிவில் ஒரே மாதிரி வந்தது, மறு விசாரணை இல்லை, படித்துக் காட்டப்பட்டது, சரி. இருபத்து நாலாவதுக்கு நான் பார்க்கவில்லை, விரல் தானாக அடித்துவிட்டது, மறு விசாரணை இல்லை, படித்துக் காட்டப்பட்டது, சரி. கீழே என் சான்றிதழ், இரு மொழியும் நன்கறிந்த நான் இது உண்மையான மொழிபெயர்ப்பு என்று உறுதி கூறுகிறேன், அம்சவேணி. ஏன், என்ன அவசரம் அன்றைக்கு, உடம்பு சரியில்லையா, கரண்ட் போனதா, பையனிடமிருந்து ஏதாவது கெட்ட செய்தி வந்ததா. தேடுகிறேன், ஒரு காரணம் கிடைத்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவேன். ஆனால் அந்த மத்தியானம் எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, நல்ல வெயில், நவம்பர், பக்கத்து வீட்டிலிருந்து வந்த முறுக்கைத் தட்டில் வைத்துக் கடித்துக்கொண்டே அடித்தேன். கடைசி வரி வந்ததும் அப்பாடா என்று கையை நீட்டிச் சோம்பல் முறித்தேன். சந்தோஷமாக இருந்தேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை, நான் சந்தோஷமாக இருந்தேன்.

அரசு வக்கீல் இன்னும் பேசுகிறார். யாருக்கும் தெரியாது. இதுதான் முதலில் வந்த எண்ணம், அதை வெட்கமில்லாமல் சொல்லிவிடுகிறேன். தாருவாலாவுக்குத் தமிழ் தெரியாது, இளஞ்சேரனுக்குப் படிக்க வராது, நீதிபதிகள் இருவரும் வடக்கத்திக்காரர்கள், கோப்பின் நாடாவைப் பழையபடி கட்டிவிட்டால் அது அலமாரிக்குப் போகும், அங்கிருந்து எடைக்குப் போகும். சொன்னால் என்ன ஆகும். பொய்ச் சான்றிதழ் கொடுத்தவள். நாளைக்கு எந்த வக்கீலும் கூப்பிடமாட்டான், தமிழ்ச் சங்கத்தில் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். அது போகட்டும், வழக்குப் போட்டால், என்னையே கூண்டில் நிறுத்தினால், தாளைத் திருப்பிப் பார்க்காமல் அடித்தீர்கள் என்றால் சரிதானே. சரிதான். அப்பாவின் முகம் ஏன் இப்போது வருகிறது. திண்டுக்கல்லிலிருந்து வைத்தியத்துக்கென்று டெல்லிக்குக் கூட்டிவந்தேன், பெரிய ஆஸ்பத்திரி, டாக்டர் இந்தியில் மெதுவாகத்தான் சொன்னார், இனி செய்வதற்கு எதுவும் இல்லை, வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும். அப்பா என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றாரு?" என்றார். மாத்திரை மாற்றி எழுதியிருக்கிறாராம் அப்பா, நேரம் தவறாமல் சாப்பிடணுமாம் என்றேன். வைட்டமின் மாத்திரை. நாற்பத்தோரு நாள் நேரம் தவறாமல் சாப்பிட்டார். எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார், கடைசி நாள் காலையிலும் உட்கார்ந்திருந்தார். நம்பினாரா, எனக்காக நம்பின மாதிரி இருந்தாரா. நான் சொன்னால்தான் அவருக்கு அந்த ஊர் உண்டு, நான் கொடுத்ததுதான் அவருக்கு உலகம், நான் கொடுத்தது பொய். "அக்கா, காட்டுறேன்னீகளே, இருக்கா?" சீனியம்மாள் தாளைப் பார்க்கிறாள், எழுத்துகள் அவளுக்கு வெறும் பொட்டுகள், முத்திரையை மட்டும் விரலால் தொடுகிறாள். இருங்க சீனியம்மா, தேடுறேன். கையில் வைத்துக்கொண்டே தேடுறேன் என்கிறேன். எனக்கு வியர்க்கிறது, இந்தக் குளிரிலும் புடவை முதுகோடு ஒட்டுகிறது.

தாருவாலா மறுபடி எழுந்து ஒரு நிமிஷம் என்கிறார், இந்தத் தடவை உண்மையாகவே ஒரு நிமிஷத்தில் முடிக்கப் போகிறவர் குரல். மூத்த நீதிபதி கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார், கீழே உட்கார்ந்திருக்கும் சுருக்கெழுத்துக்காரர் நோட்டைத் திருப்பிப் புதுப் பக்கம் எடுக்கிறார். அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், தீர்ப்பை இங்கேயே சொல்லிவிடப் போகிறார்கள். பன்னிரண்டு ஐம்பது. சொல்லிவிட்டால் முடிந்தது, அதற்குப் பிறகு மேலே போக வேறு கோர்ட் இந்த நாட்டில் இல்லை. இங்கே பின் வரிசையிலிருந்து யாரும் வாய் திறக்க முடியாது, காவலர் வந்து தோளைத் தொட்டு வெளியே கூட்டிப்போய்விடுவார். ஆனால் சீட்டு போகும். எனக்குத் தெரிந்து இந்தக் கட்டிடத்தில் இருக்கும் ஒரே நல்ல பழக்கம் அதுதான், யார் சீட்டைக் கொடுத்தாலும் முன்னால் இருப்பவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் வாங்கி அடுத்தவரிடம் கொடுப்பார், எதிர்க்கட்சி வக்கீலே ஆனாலும் கொடுப்பார், நாளைக்கு அவருக்கும் ஒரு சீட்டு வர வேண்டும் அல்லவா. வழக்குப் பட்டியலின் ஓரத்தைக் கிழித்தேன். என்ன எழுதுவது. பக்கம் 212 தவறு. மறு விசாரணை உண்டு, தாளின் பின்பக்கம், நான் விட்டுவிட்டேன். விட்டுப்போயிற்று என்று எழுதலாமே என்று கை ஒரு கணம் நின்றது, விட்டுப்போயிற்று என்றால் யாரும் விடவில்லை, தானாகப் போயிற்று, எவ்வளவு சௌகரியம். ஆங்கிலத்திலும் அப்படி எழுத வழி உண்டு, எனக்கா தெரியாது. நான் விட்டுவிட்டேன் என்றே ஆங்கிலத்தில் எழுதினேன். மடித்து, சீட்டையும் தாளையும் சேர்த்து முன்னால் இருந்த பெண்ணின் தோளில் தட்டினேன். அவள் திரும்பாமலே வாங்கினாள். அவளிடமிருந்து ஒரு மொட்டைத்தலை, மொட்டைத்தலையிடமிருந்து ஒரு உயரமான வக்கீல் பையன், அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டு அதைக் கையிலேயே வைத்திருந்தான். கொடுடா என்றேன், சத்தமாகவே வந்துவிட்டது போலும், பக்கத்தில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவன் கொடுத்தான். இளஞ்சேரன் படித்தார். திரும்பி என்னைத் தேடினார். இவ்வளவு வருஷத்தில் என்னை ஆன்ட்டி என்று கூப்பிட்ட அந்த முகம் என்னை யாரோ என்று பார்த்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அவர் தாருவாலாவின் அங்கியைப் பிடித்து இழுத்தார், மூத்த நீதிபதி மேல்முறையீட்டைத் தள்ளுபடி என்ற இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தார், தாருவாலா மிகுந்த மரியாதையுடன் என்று சொல்லவில்லை, நிறுத்துங்கள் லார்ட்ஷிப் என்றார், முதல் தடவையாக அவர் வாயில் நேரான வார்த்தை கேட்டேன். தாள் மேலே போயிற்று. படிக்கத் தெரியாத தாளை இரண்டு நீதிபதிகளும் மாற்றி மாற்றித் திருப்பினார்கள், அவர்களும் ஊதா முத்திரையைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். அரசு வக்கீல் செருமினார், ஆட்சேபிப்பார் என்று நினைத்தேன், மூலப் பதிவைப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம் என்றார், மனிதன். மொழிபெயர்த்தவர் யார் என்று பென்சில்காரர் கேட்டார். இளஞ்சேரன் கையைக் காட்டினார், அத்தனை கறுப்புக் கோட்டும் திரும்பிற்று, எழுந்து நின்றேன். சரியான மொழிபெயர்ப்போடும் பிரமாணப் பத்திரத்தோடும் இரண்டு மணிக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். "என்னக்கா, ஒங்களப் பாத்து என்னமோ கேட்டாகளே, நல்லதா?" என்று சீனியம்மாள் என் கையைப் பிடித்தாள். நல்லதுதான் என்றேன். அது பொய் இல்லை. முழுசும் இல்லை.

வராந்தாவில் வக்கீல்கள் சாப்பாட்டுக்கு ஓடுகிறார்கள், இளஞ்சேரனின் ஜூனியர் லாப்டாப்பைத் தூணின் அடியில் வைத்துக் கொடுத்தாள், ஐந்து வரி, நான்கு நிமிஷத்தில் முடிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னும் நான்கு நிமிஷம்தான் ஆகியிருக்கும். பிரமாணப் பத்திரத்தில் என் கவனக்குறைவால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இளஞ்சேரன் என்னைத் திட்டவில்லை, "இப்பவாவது சொன்னீங்க" என்று மட்டும் சொன்னார், அந்த இப்பவாவது போதும். சீனியம்மாள் டிபன் டப்பாவைத் திறந்து எனக்கும் ஒரு புளிச்சோற்று உருண்டையை மூடியில் வைத்து நீட்டினாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம், தீர்ப்பு வந்தபிறகு சொல்லலாம், அவள் ஊருக்குப் போனபிறகு போனில் சொல்லலாம், சொல்லாமலே இருக்கலாம், இளஞ்சேரன் சொல்லிக்கொள்வார். மூடியை வாங்கிக் கீழே வைத்தேன். சீனியம்மா, அண்ணாச்சி சொன்னது பதிவில் இருக்கிறது, நீங்கள் கேட்டது சரி. "பாத்தீகளா! நாந்தான் சொன்னேன்ல." தாளின் பின்பக்கம் இருந்தது, நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை. இங்கிலீஷில் எழுதும்போது அவரை மறுபடி யாரும் எதுவும் கேட்கவில்லை என்று நானாக எழுதிவிட்டேன். அவள் கையில் சோறு அப்படியே நின்றது. "நீங்களா எழுதுனீக?" ஆமாம். "எப்ப?" மூன்று வருஷம் ஆச்சு. கணக்குப் போடுகிறாள், கண் தரையில் எங்கேயோ நிற்கிறது. "அப்ப ஜாமீன் கேட்டமே, இல்லன்னுட்டாகளே, அதுவும் இந்த எழுத்தப் பாத்துத்தானா?" ஆமாம் என்றேன். அந்த உத்தரவு வந்தபோது நான் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை, அடுத்த வழக்கில் இருந்தேன். மன்னிச்சிருங்க சீனியம்மா என்றேன், அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வரும்போதே அதற்கு எடை இல்லை என்று தெரிந்தது. "மூணு தீவாளி" என்றாள். சோற்றை டப்பாவில் போட்டு மூடினாள், தரையில் கிடந்த மூடியை எடுத்து என் பங்கு உருண்டையை அங்கே மேய்ந்த புறாக்களுக்குப் போட்டுவிட்டு, மூடியை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு உள்ளே போனபோது நான் பழைய இடத்தில் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியில் பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தேன். வந்தாள், பார்த்தாள், எனக்கு முன்வரிசையில் நாலு நாற்காலி தள்ளி யாரோ பஞ்சாபிக்காரர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள். அங்கே அவளுக்கு ஒரு வார்த்தையும் புரியாது. தெரிந்துதான் உட்கார்ந்தாள். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். தாருவாலா என் ஐந்து வரியைப் படிக்கிறார், அன்று வண்டியின் அச்சு முறிந்தது, எதிரி என்ற வார்த்தைக்கு இங்கிலீஷில் அவ்வளவு பகை இல்லை. டிரிப் ஷீட்டை யாரோ தேடி எடுத்திருக்கிறார்கள், ஆவணப் பட்டியலில் இத்தனை வருஷம் அது இருந்தது, எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும்தான் கேட்கவில்லை. மூத்தவர் என்னைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னார், சுருக்கெழுத்துக்காரர் எழுதிக்கொண்டார், அதை நான் இங்கே மொழிபெயர்க்கப் போவதில்லை. சீனியம்மாளின் பின்னந்தலை தெரிகிறது, கனகாம்பரம் வாடிப்போயிருக்கிறது, ரயிலில் வைத்த பூ. யார் பேசினாலும் அவர்கள் முகத்தையே பார்க்கிறாள், மூத்தவர், இளையவர், தாருவாலா, மறுபடி மூத்தவர், முகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று தேடுகிறாள். இளையவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மூத்தவர் சாதாரணக் குரலில் சொல்கிறார், மூலப் பதிவு வரவழைக்கப்படட்டும், இறுதி விசாரணை எட்டு வாரத்துக்குப் பிறகு, அதுவரை தண்டனையை நிறுத்தி வைக்கிறோம், மேல்முறையீட்டாளரை ஜாமீனில் விடலாம். இளஞ்சேரன் தலை குனிந்து எழுதுகிறார், தாருவாலா வணங்குகிறார், எண் பதினைந்தாகிவிட்டது, அடுத்த வழக்கின் கோட்டுகள் இடம் மாறத் தொடங்கிவிட்டன. சங்கையா வெளியே வருகிறான், இந்த அறையில் அது தெரியாதவள் அவள் ஒருத்திதான். சீனியம்மா என்று மெதுவாகக் கூப்பிட்டேன். கேட்டிருக்கும், தோள் அசைந்தது. திரும்பவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு, டோக்கனைக் கைக்குள் வைத்தபடி, இன்னும் தீர்ப்பு வரும் என்று உட்கார்ந்திருக்கிறாள்.